ஊரும் உலகும்: டஸ்கீகிப் பல்கலைக்கழகம் கற்பிக்கும் பாடம்

கல்வி நிலையங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கட்டடங்களையும் தலைவர்களையும் பட்டம் பெற்றோர் தொகையையும் கணக்கிட்டுக் காட்டி அமைந்து விடுவர். அந்நிலையத்தின் மதிலுக்கு வெளியே வாழ்ந்த உழவனுக்கும் கூலியாளுக்கும் அதனால் விளைந்தது யாது என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. ஒரு பல்கலைக்கழகம் தன் ஊரோடு கொண்ட உறவும், கடல் கடந்த உலகோடு கொண்ட உறவும் அதன் தேர்வு முடிவுகளைவிட அதன் இயல்பை நன்கு விளக்கிக் காட்டும் என்பது நம் துணிபு. அதற்குச் சான்றாக அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில், மேக்கன் மாவட்டத்தில் உள்ள டஸ்கீகிப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

அயல்நாட்டு நிலையம் ஒன்றைப் பற்றி நம் கழகத்தின் வெள்ளி விழா மலரில் எழுதுவதேன் என்று சிலர் வினவலாம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தை நம் முன்னோர் தொலைவிலிருந்தே கூர்ந்து நோக்கி வந்தனர். மகாத்மா சோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பினப் பேரறிஞர் டபிள்யூ. இ. பி. டூபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். கல்வி மறுக்கப்பட்ட மக்கள் தமக்கெனக் கல்வி நிலையம் அமைத்தபோது அடைந்த பேறுகளையும் பட்ட இடர்களையும் அறிவது நமக்குப் புறம்பான செயலன்று.

வாக்கிலிருந்து பிறந்த பள்ளி

அமெரிக்காவில் அடிமைமுறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது. அதன்பின் சில ஆண்டுகள் தென்மாநிலங்களில் கறுப்பின ஆடவர் வாக்குரிமை பெற்றிருந்தனர். 1880ஆம் ஆண்டுத் தேர்தலில் மேக்கன் மாவட்டத்து வெள்ளையர் ஒருவர் மாநிலச் சட்டமன்றத்தின் மேலவைக்குப் போட்டியிட்டார். கறுப்பின மக்களின் வாக்குகளைப் பெற்றுத் தருமாறு அவர் லூயிஸ் ஆடம்ஸ் என்பாரை அணுகினார். ஆடம்ஸ் முன்னர் அடிமையாக இருந்தவர். தகர வேலையும் செருப்புத் தைத்தலும் சேணம் செய்தலும் அறிந்தவர். பள்ளி வாயிலை மிதியாமலே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். அவர் தமக்கெனப் பொருளோ பதவியோ கேட்கவில்லை. தம் மக்களுக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்று வேண்டும் என்று கேட்டார்.

அதன் பயனாக 1881 பிப்ரவரியில் சட்டம் ஒன்று நிறைவேறிற்று. ஆண்டுக்கு 2,000 டாலர் வழங்கப்படும். அது ஆசிரியர் ஊதியத்திற்கு மட்டுமே. நிலத்திற்கும் கட்டடத்திற்கும் ஒரு காசும் இல்லை. இப்பள்ளியை நடத்த வர்ஜீனியா மாநிலத்து ஹாம்ப்டன் நிலையத்திலிருந்து புக்கர் டி. வாஷிங்டன் வந்து சேர்ந்தார். அடிமைக் குடிலில் பிறந்த அவருக்கு அப்போது வயது 25. பட்லர் திருச்சபையார் தந்த இடத்தில், பழுதுற்ற குடிசையில், 1881 ஜூலை 4ஆம் நாள் 30 மாணவருடன் பள்ளி தொடங்கிற்று. மழை பெய்தால் கூரை ஒழுகும். மாணவர் ஒருவர் குடை பிடித்து நிற்க, வாஷிங்டன் பாடம் கேட்பாராம்.

பின்னர்ப் பாழடைந்த தோட்டப் பண்ணை ஒன்று 500 டாலர் விலைக்கு வந்தது. வாஷிங்டன் கடன் பெற்று முன்பணம் செலுத்தினார். எஞ்சிய தொகையை ஊர்மக்கள் உதவியோடு திரட்டினர். கந்தலாடை உடுத்திய எழுபது வயது மூதாட்டி ஒருத்தி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவட்டும் என்று ஆறு முட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் வாஷிங்டன் நன்றியோடு குறிக்கிறார். கட்டடம் எழுப்பச் செங்கல் தேவைப்பட்டது. மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து இட்ட மூன்று சூளைகளும் பழுதாயின. தம் கைக்கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காம் சூளையை இட்டார் வாஷிங்டன். அது நன்கு வெந்தது. தேவைக்கு மிஞ்சிய செங்கல்லை ஊரார் வாங்கினர். கறுப்பினப் பள்ளியை ஐயத்தோடு நோக்கிய வெள்ளையரும் செங்கல் வாங்க அதன் வாயிலுக்கு வரவேண்டியதாயிற்று.

இத்தொடக்கத்தில் நாம் நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. டஸ்கீகி வள்ளல் ஒருவர் மனமிரங்கித் தந்த கொடை அன்று. வாக்குரிமை பெற்ற மக்கள் பேரம் பேசிப் பெற்ற உரிமை அது. அந்த வாக்குரிமை பின்னர்ப் பறிபோனபோது பள்ளியின் நிலை என்னாயிற்று என்பதை மேலே காண்போம்.

உழவரைக் கேட்ட மாநாடு

மேக்கன் மாவட்டத்து மக்களில் பெரும்பாலோர் வாரத்திற்குப் பயிரிட்ட கறுப்பின உழவர். நிலம் பிறருடையது. விதையும் கோவேறு கழுதையும் உண்ணும் தானியமும் கடைக்காரரிடம் கடனாகப் பெறுவர். அதற்கு ஈடாக வரப்போகும் விளைச்சலையே அடமானம் வைப்பர். பணமாகும் பயிர் பருத்தி என்பதால் வீட்டு வாசல்வரை பருத்தியே பயிரிடும்படி கடன்காரர் நெருக்குவர். உணவுப் பயிருக்கு நிலம் இல்லையாதலின், உணவையும் கடனுக்கே வாங்க வேண்டும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் கடன் வளர்ந்திருக்கும், மண் மெலிந்திருக்கும். நம் நாட்டுப் பண்ணையாள் முறையை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

1892 பிப்ரவரியில் வாஷிங்டன் இவ்வுழவரைப் பள்ளிக்கு அழைத்தார். எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு மக்கள் திரண்டனர். கற்றவர் மேடையேறிச் சொற்பொழிவாற்றுவதே மாநாட்டு மரபு. ஈண்டு அம்மரபு மாற்றப்பட்டது. உழவரே எழுந்து தம் நிலையைக் கூறுமாறு வேண்டப்பட்டனர். எத்துணை ஏக்கர் உழுகிறீர், எவ்வளவு கடன், வீட்டில் எத்தனை அறை, ஊர்ப்பள்ளி எத்தனை மாதம் நடக்கிறது என்று வினாக்கள் எழுந்தன. ஒற்றையறைக் குடிலில் குடும்பம் முழுவதும் வாழ்வதும், ஆண்டில் மூன்று மாதமே பள்ளி நடப்பதும் அவர்கள் வாய்மொழியாலேயே வெளிவந்தன. அதனை ஒட்டியே அடமானக் கடனிலிருந்து விடுபடுதல், சிறிதேனும் நிலம் வாங்குதல், உணவுப் பயிர் இடுதல், பள்ளி மாதங்களைக் கூட்டுதல் என்னும் தீர்மானங்கள் அமைந்தன. மாநாடு ஆண்டுதோறும் நடைபெறலாயிற்று.

டஸ்கீகியின் பிற்காலப் பெருமைகள் பல இந்த மாநாட்டில் வேர்கொண்டவை. மக்களுக்கு என்ன தேவை என்பதை மக்களிடமே கேட்டறிந்து, அதன்பின் பாடத்திட்டம் வகுத்தமையே அதன் சிறப்பு.

சக்கரங்களின் மேல் ஒரு பள்ளி

1896இல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்னும் வேளாண் அறிஞர் டஸ்கீகிக்கு வந்தார். அவரும் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவரே. 1897இல் மாநில அரசு ஆண்டுக்கு 1,500 டாலர் வழங்கி ஆய்வுப் பண்ணை ஒன்றை நிறுவிற்று. பருத்தி உறிஞ்சி எடுத்த மண்ணுக்கு வளம் மீளவும் உழவன் வயிறு நிறையவும் தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, நிலக்கடலை ஆகியவற்றைக் கார்வர் பரிந்துரைத்தார். விலைக்கு வாங்கும் உரத்தைவிடச் சேற்று மண்ணும் இலைச் சருகும் ஏழைக்கு ஏற்றவை என்று செய்து காட்டினார். தம் ஆய்வு முடிவுகளை எளிய நடையில் சிறு வெளியீடுகளாக எழுதினார். நிலக்கடலையைப் பயிரிடும் முறையையும் அதனை 105 வகையாகச் சமைக்கும் முறையையும் கூறும் 1916ஆம் ஆண்டு வெளியீடு அவற்றுள் பெயர் பெற்றது.

படிக்கத் தெரியாதவனுக்கு வெளியீட்டால் என்ன பயன்? மாநாட்டுக்கு வர வழிச்செலவு இல்லாதவன் என்ன செய்வான்? இவ்வினாக்களுக்கு விடையாக 1906இல் ஒரு வண்டி புறப்பட்டது. மாரிஸ் ஜெசப் என்னும் நியூயார்க் செல்வர் பொருள் உதவினமையால் அது 'ஜெசப் வண்டி' எனப்பட்டது. ஏர், விதை, பால்கடையும் கருவி முதலியன ஏற்றிய அவ்வண்டி வயல் ஓரங்களில் நின்றது. உழவன் நிலத்திலேயே உழுது காட்டினர். அவன் மனைவிக்கு உணவுப் பொருளைப் பதப்படுத்தும் வகை காட்டினர். அதே ஆண்டு நவம்பரில் டஸ்கீகிப் பட்டதாரி தாமஸ் காம்ப்பெல் நடுவண் அரசின் முதல் கறுப்பின வேளாண் விரிவாக்க அலுவலராக நியமனம் பெற்றார். பின்னர்க் குதிரை வண்டிக்கு மாற்றாக மோட்டார் வண்டி வந்தது. 1923இல் வாங்கிய வண்டிக்கு அலபாமாவின் கறுப்பின உழவரே தம் காசைச் சேர்த்துத் தந்தனர். வேளாண் அலுவலரோடு செவிலி ஒருவரும் அதில் ஊர்தோறும் சென்றார். இச்செய்தியைப் படிப்போர் மனத்தில் இருத்துக.

வாஷிங்டனின் வேண்டுகோளால் மற்றொரு பணியும் தொடங்கிற்று. சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டு 1912இல் டஸ்கீகிக்கு அளித்த நன்கொடையில் ஒரு பகுதியைக் கொண்டு அண்டைச் சிற்றூர்களில் ஆறு பள்ளிகள் கட்டப்பட்டன. அத்திட்டம் வளர்ந்து, 1932ஆம் ஆண்டுக்குள் 15 மாநிலங்களில் 5,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் எழுந்தன. வள்ளலின் பெயரால் அப்பள்ளிகள் அறியப்படினும், ரோசன்வால்டு நிதி தந்ததைவிடக் கறுப்பின மக்கள் தாமே திரட்டித் தந்த தொகை மிகுதி என்று கணக்குகள் காட்டுகின்றன. அவர்கள் செலுத்திய வரிப்பணம் வெள்ளையர் பள்ளிகளுக்குச் சென்றது. தம் பிள்ளைகளுக்கு அவர்கள் இரண்டாம் முறை பணம் கட்டினர். கல்வியின் அருமையை அவர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

கடல் கடந்த இருவேறு பயணங்கள்

டஸ்கீகியின் புகழ் உலகெங்கும் பரவிற்று. அப்புகழ் எவ்வெவ் வழிகளில் பயன்பட்டது என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்தே இரு சான்றுகள் தருவோம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாடு அக்காலத்தில் ஜெர்மானியர் ஆட்சியில் இருந்தது. ஜெர்மன் ஆலைகளுக்குப் பருத்தி வேண்டும் என்று குடியேற்றப் பொருளாதாரக் குழுவினர் டஸ்கீகியை நாடினர். ஜேம்ஸ் காலவே தலைமையில் நால்வர் 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்குப் பணியைத் தொடங்கினர். வண்டி இழுக்கக் கொண்டுவந்த விலங்குகள் நோயால் மடிந்தன. மனிதரே சுமை இழுத்தனர். 1902இல் வந்த குழுவினருள் இருவர் கரையிறங்கும்போதே கடலில் மூழ்கி இறந்தனர். முதற் குழுவில் வந்த ஜான் ராபின்சன் நோட்சே என்னும் ஊரில் பருத்திப் பயிற்சிப் பள்ளியை நடத்தி, 1909இல் ஆற்றில் மூழ்கி மாண்டார். இவர்களின் தனிப்பட்ட தியாகத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், அப்பள்ளிக்கு மாணவர்கள் விரும்பி வரவில்லை. குடியேற்ற அதிகாரிகள் அவர்களைத் திரட்டி அனுப்பினர். அலபாமாவில் பருத்தியின் பிடியிலிருந்து உழவனை விடுவிக்க முயன்ற நிலையம், டோகோவில் பருத்தியின் பிடியில் உழவனைச் சேர்க்கத் துணைபோயிற்று. டோகோ உழவனுக்கு என்ன வேண்டும் என்று எவரும் அவனை வினவவில்லை.

மற்றொரு சான்று தென்னாப்பிரிக்காவைச் சார்ந்தது. ஜான் தூபே என்னும் சூலு இனத்தவர் அமெரிக்காவில் கல்வி பயின்று, 1897இல் டஸ்கீகியை நேரில் கண்டு, தம் நாடு திரும்பி இனாண்டா என்னும் இடத்தில் 1901இல் ஓலாங்கே கல்வி நிலையத்தை நிறுவினார். 1912இல் தோன்றிய தேசியப் பேரவைக்கு அவரே முதல் தலைவர். அதுவே பின்னர் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. 1994 ஏப்ரல் 27இல் நெல்சன் மண்டேலா தம் வாழ்நாளின் முதல் வாக்கை அளிக்கத் தேர்ந்துகொண்ட இடம் ஓலாங்கே பள்ளியே.

ஒரே நிலையத்தின் ஒரே கல்விமுறை; ஒன்று ஆட்சியாளர் கைக்கருவியாயிற்று, மற்றொன்று விடுதலைக்கு வித்தாயிற்று. அழைத்தவர் யார், யாருடைய தேவைக்கு அழைத்தார் என்பதே இவ்வேறுபாட்டின் காரணம்.

இணக்கமும் எதிர்ப்பும்

வாஷிங்டனின் கொள்கை கடும் மறுப்புக்கு உள்ளாயிற்று. 1895இல் அட்லாண்டா நகரில் ஆற்றிய உரையில், அரசியல் உரிமைக்குப் போராடுவதைவிடத் தொழில் கற்றுப் பொருளாதாரத்தில் உயர்வதே முதற்கடமை என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். வாக்குரிமையையும் குடியுரிமைச் சமத்துவத்தையும் உயர்கல்வியையும் விட்டுக்கொடுத்தபின் தொழிலால் உயர்வது எங்ஙனம் என்று 1903இல் டூபாய்ஸ் வினவினார். அவர் அஞ்சியது நடந்தேவிட்டது. 1901இல் இயற்றப்பட்ட அலபாமா மாநில அரசியலமைப்பு வாக்கு வரி, எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி ஆகியவற்றால் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பெரும்பாலும் பறித்துவிட்டது. வாக்கிலிருந்து பிறந்த பள்ளி வாக்கற்றோர் பள்ளியாயிற்று. அவ்வரசியலமைப்பை எதிர்த்து நடந்த வழக்குக்கு வாஷிங்டன் மறைவாகப் பொருள் உதவினார் என்பதும் உண்மை. வெளிப்படையாக அதனைச் சொல்ல இயலாத நிலையில் அவர் இருந்தார் என்பதும் உண்மை.

அமைதியான முறையில் டஸ்கீகி செய்த ஓர் அரும்பணியை இவ்விடத்துக் குறிப்பிடல் வேண்டும். 1908இல் மன்ரோ வொர்க் என்னும் சமூகவியல் அறிஞர் அங்கு ஆவணப் பிரிவைத் தொடங்கினார். சட்டத்தைப் புறக்கணித்துக் கும்பல் கூடி மனிதரைக் கொல்லும் கொடுமை நாடெங்கும் நிகழ்ந்துகொண்டிருந்தது. செய்தித்தாள்களைத் திரட்டி, ஒவ்வொரு கொலையையும் நாளும் இடமும் குறித்துப் பதிந்து, அக்கணக்கை நாட்டின் இதழ்களுக்கு அவர் அனுப்பி வந்தார். டஸ்கீகிப் பதிவின்படி 1882 முதல் 1968 வரை இவ்வாறு கொல்லப்பட்டோர் 4,743 பேர். அவர்களுள் 3,446 பேர் கறுப்பினத்தவர். நம் சேரிகளில் நிகழும் வன்கொடுமைகள் பதிவின்றி மறைவதை அறிந்த நமக்கு, எண்ணி எழுதி வைத்தலும் ஒரு போராட்டமே என்பது நன்கு விளங்கும்.

இருபத்தெட்டுப் பக்க நகரம்

மேக்கன் மாவட்ட மக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவராயினும், ஆட்சி முழுவதும் வெள்ளையர் கையில் இருந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் வாக்காளராகப் பதிவு பெற இயலவில்லை. வெள்ளையர் ஒருவர் பரிந்துரைக்க வேண்டும் என்பர். பதிவுக் குழுவினர் சில காலம் பதவி விலகி அலுவலகத்தையே செயலற்றதாக்குவர். டஸ்கீகியில் சமூகவியல் கற்பித்த சார்லஸ் கொமில்லியன் முதலானோர் 1941இல் டஸ்கீகிக் குடிமைச் சங்கத்தை அமைத்துப் பல்லாண்டு பொறுமையாக உழைத்தனர். வாக்காளர் தொகை சிறிது சிறிதாகக் கூடிற்று.

கூடக் கண்ட ஆட்சியாளர் அஞ்சினர். 1957இல் மாநிலச் சட்டமன்றம் நகரின் எல்லையை மாற்றிச் சட்டம் இயற்றிற்று. நாற்கரமாக இருந்த நகரம் 28 பக்கமுள்ள விந்தை உருவம் பெற்றது. ஏறத்தாழ 400 கறுப்பின வாக்காளருள் நாலைந்து பேர் தவிர ஏனையோர் அனைவரும் நகருக்கு வெளியே தள்ளப்பட்டனர். வெள்ளை வாக்காளர் ஒருவரும் தள்ளப்படவில்லை. பல்கலைக்கழக வளாகமும் நகருக்கு வெளியே போயிற்று.

1957 ஜூன் 25ஆம் நாள் ஆயிரக்கணக்கான மக்கள் கூடினர். கூடிய இடம், 1881இல் பள்ளிக்கு இடம் தந்த அதே பட்லர் திருச்சபை. நம்மை ஒடுக்குவோர் கடையில் நாம் பொருள் வாங்கோம் என்று உறுதி பூண்டனர். நகரின் வெள்ளையர் கடைகள் பல மூடப்பட்டன. வழக்கறிஞர் பிரெட் கிரே வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றார். 1960 நவம்பரில், அச்சட்டம் வாக்குரிமையை மறுப்பதாயின் செல்லாது என்று கொமில்லியன் வழக்கில் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பின்னர்ப் பழைய எல்லை மீண்டது.

அடுத்த சில ஆண்டுகளில் மாணவரும் களமிறங்கி, நகரைத் தாண்டிச் சிற்றூர்களுக்குச் சென்று வாக்காளரைப் பதிவு செய்தனர். அவர்களுள் ஒருவரான சாமி யங் என்னும் மாணவர், வெள்ளையருக்கு மட்டும் என ஒதுக்கிய கழிப்பறை குறித்து எழுந்த தகராறில் 1966 ஜனவரி 3ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டுத் தேர்தலிலேயே மேக்கன் மாவட்ட மக்கள் லூசியஸ் அமர்சன் என்னும் கறுப்பினத்தவரைக் காவல் தலைவராகத் தேர்ந்தனர்.

நாற்பது ஆண்டுக் கொடுமை

மேலே கூறிய வெற்றிகளெல்லாம் நிகழ்ந்த அதே ஆண்டுகளில், அதே மாவட்டத்தில், வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது.

1932இல் அமெரிக்க நடுவண் அரசின் பொதுச் சுகாதாரப் பணித்துறை, சிபிலிஸ் எனப்படும் மேகநோய் மருந்தின்றி விடப்பட்டால் கறுப்பின ஆடவர் உடலில் எவ்வாறு முற்றும் என்று ஆராயத் தொடங்கிற்று. 600 ஏழைக் கறுப்பின ஆடவர் சேர்க்கப்பட்டனர். 399 பேர் நோயுற்றோர், 201 பேர் ஒப்பிட்டுப் பார்க்கச் சேர்க்கப்பட்ட நோயற்றோர். நோயின் பெயர் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 'கெட்ட இரத்தம்' என்று மட்டும் சொல்லப்பட்டது. மருத்துவம் நடப்பதாகவே அவர்கள் நம்பினர். முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததையும் தனிச் சிகிச்சை என்றே கூறினர். இலவசப் பரிசோதனை, ஓர் உணவு, இறந்தால் ஈமச் செலவு ஆகியவை வாக்களிக்கப்பட்டன. இறந்தபின் உடலை அறுத்துப் பார்ப்பதே நோக்கம். 1947 அளவில் பெனிசிலின் இந்நோய்க்கு உரிய மருந்தென நிலைபெற்ற பின்னும் அது அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. 1972 ஜூலையில் செய்தித்தாள்கள் வெளிப்படுத்தும்வரை, நாற்பது ஆண்டுகள் இது நீடித்தது.

திட்டத்தை வகுத்ததும் நடத்தியதும் அரசுத் துறை. ஆயினும், டஸ்கீகி நிலையத்தின் மருத்துவமனை அதற்கு இடம் தந்தது. நோயாளிகளைத் தேடிச் சென்று அழைத்து வந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்னும் கறுப்பினச் செவிலி. அவர் டஸ்கீகியில் பயின்று 1922இல் தேறியவர். 1923 முதல் முன்னர்க் கூறிய அந்த நடமாடும் பள்ளி வண்டியில் ஊரூராகச் சென்று தொண்டாற்றியவர். மக்கள் அவரை நம்பினர். வண்டி வந்தால் நன்மை வரும் என்று ஒரு தலைமுறை முழுவதும் பழகியிருந்தமையால், அரசின் கார் வந்து நின்றபோதும் அவர்கள் ஐயமின்றி ஏறினர். பல்கலைக்கழகம் பல ஆண்டு உழைத்துத் தேடிய நம்பிக்கை என்னும் செல்வத்தை அயலார் எடுத்துச் செலவிட்டனர். அதற்குத் திறவுகோல் உள்ளிருந்தே கொடுக்கப்பட்டது.

வாக்குரிமைக்கு வழக்காடிய கற்றோர் வாழ்ந்த வளாகத்துக்கும், அம்மருத்துவமனைக்கு வந்துபோன எளிய உழவர் வாழ்ந்த குடிலுக்கும் இடையே சில கல் தொலைவே. அத்தொலைவுக்கு அப்பால் நடப்பதை வளாகம் வினவவில்லை. நம்முள் கற்று உயர்ந்தோர் இதனைத் தம் நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒடுக்கப்பட்டோர் நிறுவிய நிலையம் என்பதனாலேயே, ஒடுக்கப்பட்டோருள் கடைக்கோடியில் உள்ளவனை அது காக்கும் என்று நாம் கருதிவிடலாகாது.

1973இல் பாதிக்கப்பட்டோர் சார்பில் வழக்குத் தொடுத்தவரும் பிரெட் கிரேயே. 1974இல் ஏறத்தாழ 1 கோடி டாலர் இழப்பீட்டோடு வழக்கு முடிந்தது. அதே ஆண்டு மனிதரைக் கொண்டு செய்யும் ஆராய்ச்சிகளை ஒழுங்குபடுத்தும் நடுவண் சட்டம் இயற்றப்பட்டது. உண்மையை அறிவித்து ஒப்புதல் பெறாமல் எவர் உடலையும் ஆய்வுக்கு உட்படுத்தலாகாது என்னும் நெறியை 1979இல் வெளிவந்த பெல்மாண்ட் அறிக்கை வலியுறுத்திற்று. 1997 மே 16இல் குடியரசுத் தலைவர் கிளின்டன் நாட்டின் பெயரால் மன்னிப்புக் கோரினார். 1985இல் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றிருந்த டஸ்கீகி, 1999இல் மருத்துவ ஆராய்ச்சி அறநெறிக்கெனத் தேசிய மையம் ஒன்றைத் தன் வளாகத்திலேயே நிறுவிற்று. கறை படிந்த இடத்திலேயே அக்கறையைப் பற்றிக் கற்பிக்க முன்வந்தமை பாராட்டுக்குரியது.

நாம் கொள்ளத்தக்க பாடம்

தமிழில் 'கேள்' என்னும் ஒரு சொல்லுக்குச் செவிகொடுத்தல் என்றும் பொருள். வினவுதல் என்றும் பொருள். உறவு என்றும் பொருள். இம்மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை டஸ்கீகியின் வரலாறு மெய்ப்பிக்கிறது. 1892இல் உழவர் பேசக் கற்றவர் செவிகொடுத்தனர். அங்கு உறவு வளர்ந்தது. டோகோவில் மக்களை வினவவில்லை, உழைப்பு வீணாயிற்று. 1932இல் நோயாளியை ஒப்புதல் கேட்கவில்லை, அந்நோயாளிக்கும் கேள்வி கேட்கும் வாய்ப்பு இல்லை, உறவு நஞ்சாயிற்று. 1957இல் மக்களே திரண்டு ஆட்சியாளரைக் கேள்வி கேட்டனர். இழந்த வாக்கு மீண்டது.

நன்மை செய்யும் நோக்கம் மட்டும் ஒரு கல்வி நிலையத்தைக் காவாது. யாருக்கு நன்மை செய்கிறோம் என்கிறோமோ, அவர் நம்மைத் தடுத்து நிறுத்தி, இது எதற்கு என்று வினவும் உரிமை பெற்றிருத்தல் வேண்டும். அவ்வினாவுக்கு விடையளிக்கும் கடமை நம்மைச் சார்ந்ததாதல் வேண்டும். நம் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களில் பயில்கின்றனர், சிலர் அங்குக் கற்பிக்கின்றனர், ஆய்வு செய்கின்றனர். வினாத்தாள் ஏந்தி நம் சேரிகளுக்கு ஆய்வாளர் வரும் காலம் இது. வருவோரை வரவேற்போம், வந்த நோக்கம், திரட்டும் செய்தியின் பயன், முடிவை நமக்கு அறிவிக்கும் நாள் ஆகியவற்றைக் கேட்டறிந்தே விடை கூறுவோம். நம்மவரே ஆய்வாளராகச் செல்லும்போது, அதே வினாக்களுக்கு முதற்கண் தாமே விடை கூறக் கடமைப்பட்டவர் என்பதை மறவாதிருக்கட்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்வித் தொண்டாற்றிவரும் நம் கழகத்திற்கும் இது பொருந்தும். நம் விடுதிகளும் இரவுப் பள்ளிகளும் உதவித்தொகைகளும் யாருக்காக அமைந்தனவோ, அப்பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் நம் ஆண்டுக் கூட்டங்களில் அமர்ந்து கேட்போராக மட்டும் இராமல், எழுந்து வினவுவோராகவும் விளங்கல் வேண்டும். அவர்களுக்குச் செவிகொடுக்கும் கழகமாக இது நின்று நிலவுக.